லாகீசை மறவாத நம்பிக்கை

எதிர்ப்பின் நாளில் தேவ ஒத்தாசையைக் குறித்துப் பிரசங்கிக்க எழும் போதகர் பெரிதும் நாடும் வேதபகுதிகளுள் ஒன்று எசேக்கியாவின் வரலாறு (2 இரா. 18, 19). கி.மு. 701ஆம் ஆண்டில் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்து வந்ததையும் எருசலேம் தப்பியதையும் அப்பகுதி கூறுகிறது. பகைவன் வீம்பு பேசுகிறான். ராஜா இரட்டுடுத்தி, பகைவனின் நிருபத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் விரித்து ஜெபிக்கிறான். தீர்க்கதரிசி வாக்குரைக்கிறான். ஒரே இரவில் 1,85,000 பேர் மடிகிறார்கள். நம்மை எதிர்ப்போரும் இவ்வாறே விலகுவர் என்னும் முடிவுரையோடு பிரசங்கம் நிறைவுறுகிறது.

இவ்வகைப் பிரசங்கத்தில் நன்மை இல்லாமலில்லை. ஆயுதத்தையும் செல்வாக்கையும் நாடாமல் ஜெபத்தை நாடும்படி அது சபையைத் தூண்டுகிறது. தேவனுடைய நாமத்தின் மகிமையே ஜெபத்தின் முதற்பொருள் எனக் கற்பிக்கிறது. ஆயினும் அதன்மேல் ஒரு வினாவை எழுப்பாமல் இருத்தல் இயலாது. ரப்சாக்கே எங்கிருந்து அனுப்பப்பட்டான்? லாகீசிலிருந்து (18:17). அவன் திரும்பிச் சென்றபோது அவனுடைய ராஜா எங்கிருந்து புறப்பட்டிருந்தான்? அதே லாகீசிலிருந்து (19:8). அப்படியாயின் லாகீசின் குடிகளுக்கு நேர்ந்தது யாது? அவர்களும் யூதாவின் மக்களே. அவர்களுக்கும் எசேக்கியாவே ராஜா. ஆபிரகாமின் தேவனே தேவன். முற்றுகையின் நாட்களில் அவர்கள் ஜெபிக்கவில்லை என்று எண்ண நமக்கு யாதொரு ஆதாரமுமில்லை. அவர்களுக்காகத் தூதன் வரவில்லை.

இது வெறும் வரலாற்று ஐயம் அன்று. எதிர்ப்பின் காலத்தில் வீட்டையோ பிழைப்பையோ பிள்ளையையோ இழந்த ஒரு குடும்பம் ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்து இப்பிரசங்கத்தைக் கேட்குமாயின், எதனோடு வீடு திரும்பும்? தங்கள் விசுவாசம் எசேக்கியாவின் விசுவாசத்திற்குக் குறைந்தது போலும் என்னும் புதியதொரு பாரத்தோடன்றோ? ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. ஆகவே இவ்வழக்கம் திருமறையின் ஒளியில் சோதிக்கப்படுதல் வேண்டும்.

1. மூன்று விவரங்கள்

இந்நிகழ்ச்சியைத் திருமறை மூன்றிடங்களில் உரைக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டு வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். இராஜாக்களின் புத்தகம் யூதாவின் அரணான பட்டணங்கள் அனைத்தும் பிடிபட்டன என்று கூறித் தொடங்குகிறது (18:13). அதற்கடுத்த மூன்று வசனங்கள் எசேக்கியாவுக்குப் பெருமை சேர்ப்பனவல்ல. அவன் லாகீசிலிருந்த அசீரியனிடம் ஆளனுப்பித் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்; 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் செலுத்துகிறான்; அதற்காக ஆலயக் கதவுகளில் தான் பதித்திருந்த பொன்தகட்டையும் கழற்றிக் கொடுக்கிறான் (18:14-16).

ஏசாயாவின் புத்தகத்தில் பட்டணங்கள் பிடிபட்ட செய்தி உண்டு; கப்பம் கட்டிய செய்தி இல்லை (ஏசா. 36:1, 2). நாளாகமத்திலோ கப்பமும் இல்லை. பட்டணங்கள் பிடிபட்டன என்ற சொல்லும் இல்லை. சனகெரிப் அவற்றைக் கைப்பற்ற எண்ணி முற்றுகையிட்டான் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது (2 நாளா. 32:1). நாளாகமத்தின் ஆசிரியர் பொய்யுரைத்தார் என்பது நம் கருத்தன்று. ஆராதிக்கும் சமூகத்திற்குத் தேவ ஒத்தாசையை எடுத்துக்காட்டுவது அவருடைய நோக்கம். எனினும் கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகையில் லாகீசின் நிழல் குறுகிக்கொண்டே வருவதை நாம் காண்கிறோம். பிரசங்க மேடையில் அந்நிழல் முற்றிலும் மறைந்துவிடுகிறது.

திருமறை ஆராய்ச்சியாளர் இப்பகுதியை நெடுங்காலமாக ஆய்ந்துள்ளனர். ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடே 1886ஆம் ஆண்டில், கப்பம் பற்றிய சிறு பகுதியையும், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இரு விடுதலை விவரங்களையும் பிரித்துக் காட்டினார். கப்பம் ஒரு படையெடுப்பிலும் விடுதலை பிற்பட்ட மற்றொரு படையெடுப்பிலும் நேர்ந்தன எனக் கருதியோரும் உண்டு. அவர்களுள் ஜான் பிரைட் குறிப்பிடத்தக்கவர். 1967இல் வெளிவந்த சைல்ட்ஸ் என்பாரின் நூல் இவ்விவரங்களின் வடிவத்தையும் நோக்கத்தையும் நுணுகி ஆய்ந்தது. 1980இல் கிளெமென்ட்ஸ் என்பார், எருசலேம் தப்பியது குறித்த விவரம் பிற்காலத்தில் பெற்ற இறையியல் வளர்ச்சியை எடுத்துரைத்தார்.

இவ்வாராய்ச்சிகளால் நாம் பெற்ற நன்மை பெரிது. ஆனால் மூலங்களைப் பிரித்தெடுத்தபின் பலர் ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டுவிடுகின்றனர். இராஜாக்களின் புத்தகத்தைத் தொகுத்தவர் கப்பத்தையும் விடுதலையையும், வீழ்ந்த பட்டணங்களையும் தப்பிய பட்டணத்தையும் ஏன் அருகருகே வைத்தார்? இம்முரண்பாட்டை அவர் கவனியாதிருந்திருக்க இயலாது. எருசலேமும் இறுதியில் வீழ்ந்ததை அறிந்த தலைமுறைக்கு அவர் எழுதினார். ஆகையால் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க அவர் துணியவில்லை. விடுதலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பிரசங்கியும், விடுதலையைக் கட்டுக்கதையெனத் தள்ளிக் கப்பத்தை மட்டும் வரலாறாக ஏற்கும் விமர்சகனும், அவர் சேர்த்து வைத்ததைப் பிரித்துவிடுகின்றனர்.

2. நினிவேயின் சாட்சி

பகைவனும் தன் பங்கிற்குச் சாட்சி பகர்ந்துள்ளான். 1830ஆம் ஆண்டில் நினிவேயின் இடிபாடுகளில் கிடைத்து, டெய்லர் என்பாரின் பெயரால் வழங்கும் ஆறுபட்டைக் களிமண் தூணில் சனகெரிப் தன் படையெடுப்புகளை எழுதிவைத்தான். யூதாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியேற்றியதாகவும் அவன் கூறுகிறான். அரசர்களின் வெற்றிக் கணக்கு மிகைபடக் கூறப்படுவதுண்டு என்பதால் இவ்வெண்ணை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் பொன் 30 தாலந்து என்பதில் அவனுடைய கணக்கும் இராஜாக்களின் புத்தகமும் ஒத்திருக்கின்றன. எருசலேமைப் பற்றி அவன் கூறுவது, எசேக்கியாவைக் கூண்டிற் பறவைபோல் அடைத்துவைத்தான் என்பது மாத்திரமே. நகரைப் பிடித்ததாக அவன் கூறவில்லை. எருசலேம் தப்பியது உண்மை என்பதற்குப் பகைவனின் இந்த மௌனமே வலுவான சான்றாகும்.

ஆனால் அவன் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கியது லாகீசை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லேயார்ட் அகழ்ந்தெடுத்த அப்புடைப்புச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. முற்றுகை மேட்டின் மீது மதிலிடிக்கும் பொறிகள் ஏறுகின்றன. வில்லாளர் அம்பு எய்கின்றனர். கழுவில் ஏற்றப்பட்ட மனிதர் தெரிகின்றனர். மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகளுடன் தாய்மாரும் பிள்ளைகளும் சிறையிருப்புக்குச் செல்கின்றனர். சிங்காசனத்தில் வீற்றிருக்கும் சனகெரிபின் முன்னே கொள்ளைப் பொருள்கள் கொண்டுசெல்லப்படுகின்றன. 1930களில் ஸ்டார்க்கியும் 1973 முதல் உசிஷ்கினும் அவ்விடத்தில் நடத்திய அகழாய்வுகள் முற்றுகை மேட்டையும் இரும்பு அம்பு முனைகளையும் கவண் கற்களையும் வெளிக்கொணர்ந்தன. சிற்பம் வீண் புகழ்ச்சி அன்று என்பதை மண்ணும் உறுதிப்படுத்துகிறது.

எருசலேமின் விடுதலையை மட்டும் பேசுவோர் இச்சிற்பத்தின் முன் நின்று அதே பிரசங்கத்தைச் செய்ய இயலுமா? எந்த நம்பிக்கை அவ்விடத்தில் வாய்திறக்கக் கூடாததோ, அது வேதம் கூறும் நம்பிக்கையாக இருத்தல் அரிது.

3. ரப்சாக்கேயின் இறையியல்

ரப்சாக்கேயின் பேச்சு வெறும் நிந்தை அன்று. அதனுள் ஓர் இறையியல் அடங்கியுள்ளது. ஆமாத்தின் தேவர்களும் அர்பாத்தின் தேவர்களும் தங்கள் நாடுகளைத் தப்புவித்தார்களா, சமாரியா தப்பிற்றா என்று அவன் வினவுகிறான் (18:33-35). அவனுடைய வாதம் எளிது. வெல்பவனின் தேவனே தேவன். வீழ்ந்தவனின் தேவன் இல்லாதவன். கர்த்தரே தன்னை அனுப்பினார் என்றும் அவன் துணிந்து கூறுகிறான் (18:25). வெற்றியே தேவ சித்தத்தின் அளவுகோல் எனக் கொள்பவன் அவ்வாறுதான் பேசுவான்.

இங்கேதான் நம் பிரசங்க வழக்கின் ஆழமான குறை வெளிப்படுகிறது. நாம் தப்பினோம், ஆகையால் நம் தேவனே மெய்யான தேவன் என்று அது முழங்குகிறது. ரப்சாக்கேயின் முடிவை அது மறுக்கிறது; அவனுடைய அளவுகோலையோ கைக்கொள்கிறது. அந்த அளவுகோலின்படி லாகீசில் கர்த்தர் தோற்றுப்போனார் என்றல்லவோ சொல்ல நேரிடும்?

எசேக்கியாவின் ஜெபம் வேறு வழியில் செல்கிறது (19:15-19). அசீரிய ராஜாக்கள் ஜாதிகளையும் அவர்கள் தேசத்தையும் பாழாக்கினது மெய் என்று அது ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்னும் அறிக்கையை முதலில் வைத்து, விடுதலைக்கான விண்ணப்பத்தை அதன் பின்னே வைக்கிறது. விடுதலை நேர்வதற்கு முன்னரே கர்த்தர் தேவன் என அறிக்கையிடப்படுகிறார். ஏசாயாவிடம் அனுப்பிய செய்தியிலும் ராஜா கேட்பது மீதியாயிருப்போருக்கான ஜெபமே (19:4). மீதி என்னும் அச்சொல்லுக்குள் வீழ்ந்த பட்டணங்கள் அனைத்தும் அடங்கியுள்ளன. தீர்க்கதரிசி கொடுத்த அடையாளமும் அவ்வாறானதே. முதலிரு ஆண்டுகள் தானாய் விளைந்ததைப் புசித்து, மூன்றாம் ஆண்டிலேயே விதைத்து அறுக்கலாம் என்கிறான் (19:29). ஒத்தாசை வந்தது, பசியின் ஆண்டுகளும் உடன் வந்தன. அதிகாரத்தின் இறுதி வசனத்தில் சனகெரிப் கொலையுண்டு இறக்கிறான் (19:37). அது நிகழ்ந்தது கி.மு. 681இல். விடுதலைக்கும் ஒடுக்கினவனின் முடிவுக்கும் இடையே 20 ஆண்டுகள் கிடந்தன. வாசிப்பவர்க்கு அஃது ஒரு வசனத் தொலைவு. சிறைப்பட்டுப் போனவர்க்கோ ஒரு தலைமுறை.

4. களிப்பில் சேராத தீர்க்கதரிசி

எருசலேம் தப்பிய பின் நகரத்தார் என்ன செய்தனர்? ஏசாயா 22:1-14இன் பின்னணி இந்நிகழ்ச்சியே என ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஜனங்கள் வீட்டுமேல் ஏறி ஆரவாரிக்கின்றனர். ஆடுமாடுகளை அடித்து விருந்துண்கின்றனர். விடுதலையை முன்னறிவித்த ஏசாயாவோ அக்களிப்பில் சேரவில்லை. தன்னை விட்டு விலகும்படியும், தன் ஜனத்தின் அழிவுக்காக அழவிடும்படியும், தேற்ற முயல வேண்டாமென்றும் அவன் கேட்கிறான் (22:4). நகரம் தப்பியிருக்கையில் எந்த அழிவுக்காக அவன் அழுதான்? மதிலுக்கு வெளியே அழிந்த யூதாவுக்காகவே என்பதில் ஐயமில்லை. எரிந்த பட்டணங்களின் நடுவே சீயோன் திராட்சத்தோட்டத்துக் குடில்போல் தனித்து நிற்பதாக அவன் பாடிய பகுதியும் இதையே குறிக்கிறது (1:7-9).

மதிலை அரணாக்க வீடுகளை இடித்ததையும், இரு மதில்களுக்கு நடுவே நீர்த்தேக்கம் அமைத்ததையும் அவன் குறிப்பிடுகிறான் (22:10, 11). ஏறக்குறைய 1970ஆம் ஆண்டில் எருசலேமில் அவிகாத் என்னும் அகழாய்வாளர், சுமார் 7 மீட்டர் அகலமுள்ள மதிலொன்றையும் அதற்காக இடிக்கப்பட்ட வீட்டின் அடித்தளத்தையும் கண்டார். 533 மீட்டர் நீளமுள்ள சீலோவாம் சுரங்கக் கால்வாயும் அக்காலத்தது என்றே பலரும் கருதுகின்றனர். இம்முன்னேற்பாடுகளை ஏசாயா தன்னளவில் பழிக்கவில்லை. அவற்றை நோக்கியவர்கள் அவற்றை நெடுங்காலத்திற்கு முன் உருவாக்கினவரை நோக்கவில்லை என்பதே அவனுடைய குற்றச்சாட்டு. தப்பினவர்கள் இழந்தவர்களுக்காக அழவில்லை என்பதும் அதனுள் அடங்கும்.

அழிந்த தாழ்நாட்டிலிருந்தே மற்றொரு குரல் எழுந்தது. மொரேசா ஊரானாகிய மீகா, ஏசாயாவின் காலத்தவன். லாகீசைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தான். ஒவ்வோர் ஊரின் பெயரிலும் சிலேடை அமைத்து அவன் புலம்பும் பகுதியில் லாகீசும் பெயர் பெறுகிறது (மீகா 1:8-15). அவன் லாகீசையும் குற்றமற்றதென விட்டுவிடவில்லை. அது இரதப் படையை நம்பியதைக் கடிந்துகொள்கிறான். எருசலேமுக்கோ அவன் கூறிய சொல் இன்னும் கடியது. கர்த்தர் நம் நடுவில் இருக்கிறார், தீங்கு நம்மை அணுகாது என்று சாய்ந்திருந்த தலைவர்களை நோக்கி, சீயோன் வயலைப்போல் உழப்படும் என அறிவித்தான் (3:11, 12).

5. நினைவு நஞ்சான காலம்

ஒரு நூற்றாண்டு சென்றது. எருசலேம் தப்பியதன் நினைவு, எருசலேம் ஒருபோதும் வீழாது என்னும் கோட்பாடாக உறைந்தது. கி.மு. 609ஐ ஒட்டி எரேமியா ஆலய வாசலில் நின்று இக்கோட்பாட்டை எதிர்த்தபோது அவனைக் கொல்ல முனைந்தனர் (எரே. 7, 26). மூப்பரில் சிலர் எழுந்து மீகாவின் சொல்லை நினைவூட்டினர். எசேக்கியா மீகாவைக் கொன்றானோ, கர்த்தருக்குப் பயந்து அவர் முகத்தைத் தேடினானல்லவோ என்றனர் (26:18, 19). அன்று எருசலேம் பிழைத்ததன் மெய்யான காரணத்தை நினைவில் காத்தவர்கள் இவர்களே. நகரத்தின் அசையாமையை அல்ல, மனந்திரும்புதலையும் தேவனுடைய இரக்கத்தையுமே அவர்கள் சுட்டினர். வீழ்ந்த நாட்டுப்புறத்துத் தீர்க்கதரிசியின் சொல்லே எரேமியாவின் உயிரைக் காத்தது.

அதே அதிகாரத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. எரேமியாவைப் போன்றே பேசிய உரியா எகிப்துக்கு ஓடினான்; பிடித்துக் கொண்டுவரப்பட்டுப் பட்டயத்தால் வெட்டுண்டான் (26:20-23). ஒரே ஊழியம், ஒரே செய்தி. ஒருவன் தப்பினான், ஒருவன் மாண்டான். திருமறை அதற்கு விளக்கம் கூற முயலவில்லை. இருவர் பெயரையும் எழுதி வைத்தது.

நேபுகாத்நேச்சாரின் முற்றுகையில் சிதேக்கியா ராஜா எரேமியாவிடம் ஆளனுப்பி, கர்த்தர் தம் அற்புதங்களின்படியெல்லாம் ஒருவேளை செய்வார் என்ற எதிர்பார்ப்பைத் தெரிவித்தான் (21:2). எசேக்கியாவின் நாளையே அவன் மனத்தில் கொண்டிருந்தான் போலும். கிடைத்த மறுமொழியோ முற்றிலும் வேறானது. அந்நாட்களில் அரணான பட்டணங்களில் எஞ்சியிருந்தவை லாகீசும் அசெக்காவுமே (34:7). 1935இல் லாகீசில் கண்டெடுக்கப்பட்ட ஓட்டுக் கடிதங்களுள் ஒன்று, லாகீசின் தீக்குறிகளுக்காகக் காத்திருப்பதையும் அசெக்காவின் குறி காணப்படாததையும் தெரிவிக்கிறது. சற்றுப் பின்னர், கி.மு. 587ஐ ஒட்டி, எருசலேம் தீக்கிரையாயிற்று. தேவ ஒத்தாசையின் நினைவு தேவனுக்குச் செவிகொடுப்பதற்கு மாற்றாகும்போது நஞ்சாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

6. புதிய ஏற்பாட்டின் நம்பிக்கை

ரப்சாக்கேயின் வாதம் கொல்கொதாவில் மீண்டும் ஒலிக்கிறது. தேவன்மேல் நம்பிக்கை வைத்தானே, அவர் இவனை இரட்சிக்கட்டும் என்று தலைவர்கள் பரிகசித்தனர் (மத். 27:42, 43). பன்னிரண்டு லேகியோனுக்கு மேற்பட்ட தூதரை அழைக்கக் கூடியவர் அழைக்கவில்லை (26:53). அன்றிரவு தூதன் ஒருவனும் பாளயத்தைச் சங்கரிக்கவில்லை. கிறிஸ்து லாகீசின் மக்களோடு நின்றார். உயிர்த்தெழுதல் மரணத்தைச் சுற்றிச் செல்லவில்லை, அதனூடே சென்றது. ஆகவே கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் சனகெரிபின் பாளயத்தில் அல்ல, வெறுமையான கல்லறையில் இருக்கிறது. அது எருசலேமில் தப்பினவர்க்கும் லாகீசில் மாண்டவர்க்கும் ஒருங்கே உரியது.

ஆதித் திருச்சபை இதை அறிந்திருந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்கிறான். பேதுருவைத் தூதன் விடுவிக்கிறான். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினர் (வ. 34); அதே விசுவாசத்தில் நின்ற வேறு சிலர் பட்டயத்தால் வெட்டுண்டனர் (வ. 37). இவ்விரு சாராரையும் ஒரே பட்டியலில் வைத்து, அனைவரும் விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றனர் என்று அந்நிருபம் முடிக்கிறது.

பவுலடியாரின் தெரிவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோராகின் புத்திரரின் சங்கீதத் தொகுப்பில் 44ஆம் சங்கீதமும் 46ஆம் சங்கீதமும் அருகருகே நிற்கின்றன. பின்னது தேவனை அரணாகவும் ஆபத்தில் துணையாகவும் போற்றுவது; முன்னது, உடன்படிக்கையை மீறாதிருந்தும் தோல்வியுற்ற ஜனத்தின் கதறல். தேவன் நம் பட்சத்திலிருந்தால் நமக்கு விரோதமாயிருப்பவன் யார் என வினவும் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் எடுத்தாள்வது 44ஆம் சங்கீதத்தையே (ரோமர் 8:36, சங். 44:22). பட்டயம் நீங்கும் என்று அவர் உறுதி கூறவில்லை. பட்டயமும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்பதே அவருடைய உறுதி. அதே பவுல் ஆசியாவில் மரணத்தினின்று தப்பியதற்காகத் தேவனை நன்றியோடு துதிக்கவும் அறிந்திருந்தார் (2 கொரி. 1:8-11). விடுதலை நேரும்போது நன்றி. நேராதபோதும் மாறாத நம்பிக்கை. இரண்டும் அவரிடம் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

7. பிரசங்கிக்கு எஞ்சும் கடமை

இதுகாறும் கூறியவற்றால், எசேக்கியாவின் வரலாற்றைப் பிரசங்கிக்கலாகாது என்பது நம் முடிவன்று. அதை முழுமையாகப் பிரசங்கிக்க வேண்டும் என்பதே. 18ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்தை வாசியாமல் 19ஆம் அதிகாரத்தின் 35ஆம் வசனத்தை வாசித்தலாகாது. விடுதலையைத் தேவன் அருளும் அடையாளமாக அறிவிப்போம். அதை விசுவாசத்தின் கூலியாகவோ தேவனைக் கட்டும் சட்டமாகவோ ஆக்காதிருப்போம். அவர் தம்முடைய நிமித்தமும் தாவீதின் நிமித்தமும் நகரத்தைக் காத்தார் (19:34). எருசலேமின் தகுதி அங்கே பேசப்படவில்லை. ஆகவே லாகீசின் தகுதியின்மையைப் பேச நமக்கும் உரிமையில்லை.

தப்பிய சபை தப்பாத சபையை நினைத்து ஜெபித்தலும் தாங்குதலும் வேண்டும். ஸ்தோத்திர ஆராதனை நடத்தும் போதகர், அதே எதிர்ப்பில் இழப்புற்றவர்களின் பெயர்களையும் அவ்வாராதனையில் தேவனுக்கு முன் வைப்பாராக. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தின் இல்லத்திற்கு அவர் முதலில் செல்வாராக. உங்களுக்கு ஏன் இது நேர்ந்தது என்பதற்கு அவரிடம் விடை இல்லாதிருக்கலாம். திருமறையே பலவிடங்களில் அதற்கு விடை கூறவில்லை. ஆயினும் சிலுவையில் அறையுண்டு உயிர்த்தவர் அவ்வில்லத்திற்கும் ஆண்டவர் என்பதை அவர் தயங்காமல் கூறலாம். எதிர்ப்பின் நாளில் ஏசாயா அறிவித்த விடுதலையையும், விடுதலையின் நாளில் அவன் சிந்திய கண்ணீரையும் ஒருங்கே கற்றுக்கொண்டவரே சபைக்கு மெய்யான ஆறுதல் கூற வல்லவர்.